பட்டு எடுக்கப் போன இடத்தில் பை போச்சு!

எங்கள் மாமாவுக்கு வங்கி என்றால் பயம். ஏ.டி.எம். என்றால் அதைவிடப் பயம். 'ஜிபே' என்று யாராவது சொன்னால் போதும், ஏதோ கெட்ட வார்த்தை காதில் விழுந்த மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

"போன்ல இருக்கற பணம், போன் கெட்டுப்போனா எங்கடா போகும்?"

எட்டு வருஷமாக அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் குப்பை கொட்டுகிறேன். இந்தக் கேள்விக்கு அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.

அப்படிப்பட்டவர், விழுப்புரம் பக்கத்து கிராமத்திலிருந்து 24,000 ரூபாயை எப்படி எடுத்துக்கொண்டு வருவார்? மஞ்சப்பையில்! அடியில் பணம், கர்ச்சீப்பில் கட்டி மூன்று முடிச்சு. அதற்கு மேல் ஒரு துண்டு. அதற்கும் மேல் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"திருடன் எட்டிப் பாத்தான்னா, பழந்தானேன்னு விட்டுட்டுப் போயிடுவான் மாப்ளே" என்று ரகசியக் குரலில் விளக்கம் வேறு.

யோசனை பிரமாதம்தான். ஆனால் பழத்துக்காகவே திருடுகிற ஒரு கூட்டம் காஞ்சிபுரத்தில் காத்திருப்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

என் அக்காவுக்குக் கல்யாணம். கூறைப்புடவை தாய்மாமன் சீர். "கடையில எடுக்கறதுன்னா எங்க ஊர்லயே எடுத்திருப்பேனே... காஞ்சிபுரத்துக்கே போயி, நெய்யறவரைக் கண்ணால பாத்துத்தான் எடுக்கணும்" என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். ஆபீஸில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு (பாட்டி காரணம் ஏற்கெனவே இரண்டு முறை செலவாகிவிட்டதால் இந்த முறை உண்மையையே சொன்னேன், மேனேஜர் நம்பவில்லை) பூந்தமல்லியில் பஸ் ஏறினோம். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் தாண்டி, சென்னையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சத்தில் காஞ்சிபுரம். பஸ் ஸ்டாண்ட் இருப்பதே பெரிய காஞ்சிபுரத்தில்தான். இறங்கிய உடனே, "பட்டு சார், பட்டு! சொசைட்டி பட்டு சார்!" என்று இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். மாமா மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அன்றைக்கு அந்தப் பைக்கு வந்த முதல் ஆபத்து அது என்று நினைத்தோம். அவர்கள் பாவம், வெறும் மனிதர்கள்.

"மொதல்ல சாமி. அப்புறம் புடவை" என்றார் மாமா. நேரே ஏகாம்பரநாதர் கோயில்.

சந்நிதித் தெருவில் நின்று அந்த ராஜகோபுரத்தைப் பார்த்தால் கழுத்து தானாகப் பின்னால் சாயும். 192 அடி. 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. உள்ளே பிரகாரத்தில் அந்த மாமரம். மூவாயிரத்து ஐந்நூறு வருஷம் என்று ஊரே சொல்கிறது. நான்கு கிளை, நான்கு வேதம், நான்கு சுவையில் பழம் என்று ஐதீகம். தரிசனமெல்லாம் திவ்யமாக முடிந்தது. அதுவரை ஒரு குறையும் இல்லை. வெளியே வந்து பதினாறு கால் மண்டபத்துப் பக்கம் நின்றோம். மாமா செருப்பைத் தேடிப் போனார்.

அப்போதுதான் அவள் வந்தாள்.

அவசரப்பட்டு நிமிர்ந்து உட்காராதீர்கள். வயிற்றில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்த மந்தி அது. நம்ம ஊர் நாட்டுக் குரங்கு. நடு வகிடு எடுத்துச் சீவின மாதிரி தலையில் முடி ஒரு குல்லாய் போலப் படிந்திருக்கும்; வால் உடம்பைவிட நீளம். தென்னிந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இந்த ஜாதி கிடையாது. வடக்கே இருப்பது குட்டை வால், சிவந்த முகம். அது வேறு கட்சி.

எனக்கு நாலடி தூரத்தில் உட்கார்ந்தது. "ஊ" என்று மெல்ல ஒரு சத்தம். உள்ளங்கையை மேலே காட்டிக் கையை நீட்டியது. அப்படியே நம்ம பஸ் ஸ்டாண்டு பாட்டி மாதிரி! என் ஜோல்னாப் பையில் பிஸ்கெட் பாக்கெட் இருந்தது. ஒன்று எடுத்துக் கொடுத்தேன். பிடுங்கவில்லை, நாகரிகமாக வாங்கிக்கொண்டது. குட்டி எட்டிப் பார்த்தது. இன்னொன்று கொடுத்து, போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸும் போட்டுவிட்டேன். 'காஞ்சியில் ஒரு தாய்' என்று தலைப்பு வேறு. பதினோரு பேர் லைக் போட்டார்கள்.

(இந்தக் கையேந்தலைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். கர்நாடகத்தில் பந்திப்பூர் காட்டு ரோட்டில் இதே ஜாதிக் குரங்குகளை ஆராய்ந்து 2018-ல் எழுதியிருக்கிறார்கள். சத்தம் கொடுத்துக் கையை நீட்டுவது மனிதனிடம் மட்டும் உபயோகிக்கிற வித்தையாம். அதுவும் நாம் பார்க்கிறோமா, கையில் ஏதாவது வைத்திருக்கிறோமா என்று கணக்குப் போட்டுத்தான் செய்யுமாம். நம்மை வைத்துப் படித்துத் தேறியிருக்கின்றன!)

ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்று பார்த்துவிட்டு நிமிர்ந்தால், ஒரு மந்தி இருந்த இடத்தில் ஏழு உருப்படி. மண்டபத்து விளிம்பிலிருந்து இன்னும் நாலு இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக, யாருக்கும் அவசரப்படாமல், மிராசுதார் மாதிரி நடந்து வந்தது ஒரு தாட்டான். தோளும் தாடையும் பார்த்தாலே தெரிந்தது, இவர்தான் ஏரியா இன்சார்ஜ். நான் பிஸ்கெட் பாக்கெட்டை நைசாகப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி கோபுரத்தைப் பார்த்தேன்.

சரியாக அந்த நேரத்தில், ஒரு கையில் செருப்பும் இன்னொரு கையில் மஞ்சப்பையுமாக மாமா வந்தார்.

மொத்தம் இரண்டு விநாடி. மாமாவின் கையில் செருப்பு மட்டும் இருந்தது.

தாட்டான் மண்டபத்தின் உச்சியில் உட்கார்ந்து பையைப் பிரித்துக்கொண்டிருந்தது. மாமா முதலில் ஒன்றும் பேசவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வந்தபோது ஊருக்கே கேட்டது.

"ஐயோ... என் இருவத்தி நாலாயிரம்!"

போயிற்று ரகசியம். திருடனுக்குத் தெரியக் கூடாது என்று விழுப்புரத்திலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டுவந்த கணக்கு, சந்நிதித் தெருவுக்கே அறிவிப்பாகிவிட்டது. தேங்காய்க் கடைக்காரர், டீக்கடை மாஸ்டர், பூக்காரம்மா, வேனில் வந்திறங்கிய ஆந்திரா பக்தர்கள் என்று சுற்றிலும் கூட்டம். ஆளுக்கொரு யோசனை. மாமா கல்லைத் தேடினார்.

"கல்லெடுக்காதீங்கய்யா!" என்று அதட்டினார் பூக்காரம்மா. "கல்ல எடுத்தீங்கன்னா பையோட அந்தாண்ட கோபுரத்துக்கு ஏறிடும். அப்புறம் அது எறங்குற வரைக்கும் நீங்க இங்கதான். சும்மா நில்லுங்க. அத மொறச்சுப் பாக்காதீங்க. தலையக் குனிஞ்சுக்கங்க."

"பணம் இருக்கும்மா உள்ள!"

"அதுக்கு ரூபாயும் தெரியாது, பைசாவும் தெரியாது. தின்னுட்டு மிச்சத்தப் போட்டுரும்."

"ஒரு தேங்கா மூடி காட்டினா குடுத்துடுமா?" என்று கேட்டேன். ஏதோ நானும் உருப்படியாகப் பேசினேன் என்று இருக்கட்டுமே!

பூக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, இன்னிக்கு நீ தேங்கா காட்டு. நாளைக்கு எவன் கையில பை இருந்தாலும் புடுங்கிக்கினு போயி, தேங்கா குடுன்னு ஒக்காந்துக்கும். பழக்கிட்டுப் போறது நீங்க. பாடுபடறது நாங்க."

தலையைக் குனிந்துகொண்டேன். குரங்குக்காக இல்லை.

அது பழத்தை உரித்த அழகு இருக்கிறதே! ஒவ்வொன்றாக உரித்து, முழுங்காமல் கன்னத்துப் பையில் அடக்கியது. ஆறு பழத்துக்கு அப்புறம் முகம் இரண்டு பக்கமும் பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி ஆகிவிட்டது. துண்டை எடுத்து மோந்து பார்த்து வீசியது. பிறகு கர்ச்சீப் மூட்டை. மாமா கண்ணை மூடிக்கொண்டு, "ஏகாம்பரநாதா... ஏகாம்பரநாதா" என்றார். மூன்று முடிச்சு! மாமா பல்லால் கடித்துப் போட்ட முடிச்சு. அதையும் பல்லாலேயே அவிழ்த்துவிட்டது. உள்ளே ஐந்நூறு ரூபாய்த் தாள், நாற்பத்தெட்டு. ஒரு கொத்தை எடுத்துக் கடித்தது. முகத்தைச் சுளித்தது. என் சம்பளப் பட்டியலைப் பார்த்து நான் சுளிக்கிற மாதிரியே இருந்தது. அப்புறம் மொத்தத்தையும் காற்றில் விட்டுவிட்டது.

பணம் மழையாகக் கொட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கூட்டம் பாய்ந்து பொறுக்கியது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. போனது போனதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டு நிமிஷம் கழித்துப் பார்த்தால், ஒவ்வொருவராக வந்து மாமாவின் துண்டில் போடுகிறார்கள். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் ஓடிவந்து மூன்று தாள் கொடுத்தான். ஆந்திரா பெரியவர் ஒருவர் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே இரண்டு கொடுத்தார். எண்ணினேன். முழுசாக நாற்பத்திரண்டு. பல் பட்டது மூன்று. மிச்சம் மூன்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எடுத்தவரையோ தின்றவரையோ நான் குறை சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதை. மஞ்சப்பை கீழே விழுந்ததா? உள்ளே ஒரே ஒரு பழம் மிச்சம் இருந்தது. மாமா பையை எடுக்கக் குனிந்தார். அதே நேரம் தாட்டானும் குதித்தது. இரண்டு பேரும் ஒரே காதைப் பிடித்தார்கள். மாமா விடவில்லை. விழுப்புரத்து விவசாயி, எதையும் சுலபத்தில் விடுகிற ஆள் கிடையாது. பை கிழிந்தது. மாமாவின் மணிக்கட்டில் நாலு கோடு. அதில் இரண்டில் ரத்தம்.

"யாருய்யா மொதல்ல இதுங்களுக்குத் தீனி காட்டினது?" என்று கத்தினார் பூக்காரம்மா. "சும்மா இருந்தா இதுங்க எறங்காது. எவனோ பிஸ்கெட்டு குடுத்திருக்கான்."

நான் மறுபடி கோபுரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிலை. இரண்டாம் தடவையாக எண்ணினேன்.

மாமா ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வேற எவனாச்சும் குடுத்திருப்பாம்மா. நம்ம மாப்ளே வெவரமான பையன். அவன் பாத்திருந்தா விட்டிருக்கவே மாட்டான்."

அந்த ஒரு வார்த்தைக்குத் தாட்டான் என் கையையும் சேர்த்துப் பிறாண்டியிருக்கலாம்.

டீக்கடை மாஸ்டர், "காபித்தூள் வைங்க சார், ரத்தம் நிக்கும்" என்றார். தேங்காய்க் கடைக்காரர் சுண்ணாம்பு டப்பாவோடு வந்துவிட்டார். மஞ்சள் என்றது இன்னொரு குரல். இந்த இடத்தில் மட்டும்தான் நான் கொஞ்சம் மனுஷனாக நடந்துகொண்டேன். எதையும் வைக்க விடாமல், டீக்கடைக் குழாயில் மாமாவின் கையைப் பிடித்து, சோப்பு போட்டுக் கழுவினேன். சும்மா பேருக்கு இல்லை, பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில். குரங்குப் பல்லோ நகமோ பட்டால் நாய்க்கடிக்கு உண்டான அத்தனை வைத்தியமும் இதற்கும் உண்டு. நாய்தானே வெறிநோய் தரும், குரங்குக்கு என்ன என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. வந்துவிட்டால் மருந்தில்லாத வியாதி. வராமல் தடுக்கத்தான் மருந்து.

ஆட்டோவில் போகும்போது மாமாவின் முகம் வெளிறிக் கிடந்தது. வலியில் இல்லை. "மாப்ளே... தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களேடா!"

அந்தக் காலத்துப் பயம். எங்கள் ஊரில் நாய் கடித்தவர்களைவிட அந்தப் பதினாலு ஊசிக்கு பயந்து வேப்பிலை மந்திரத்துக்குப் போனவர்கள் அதிகம். அந்த மருந்தையே நம் நாட்டில் 2005-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். இப்போது கையில்தான் ஊசி. தோலுக்குள் கொஞ்சமே கொஞ்சம். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. மாமா சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டு படுக்கத் தயாராக, நர்ஸம்மா சிரித்துவிட்டார். "பெரியவரே, கைய நீட்டுங்க போதும்."

ஊசி போட்ட பிறகு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்து போனில் தேடினேன். எங்களுக்கு மட்டும்தானா இப்படி என்று ஒரு நப்பாசை.

இல்லவே இல்லை! பிருந்தாவனத்தில் குரங்குகள் மூக்குக்கண்ணாடி ஸ்பெஷலிஸ்ட். பிடுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்ளும். கீழே இருந்து ஒரு மாம்பழ ஜூஸ் பாக்கெட் எறிந்தால் கண்ணாடி திரும்ப வரும். 2022-ல் மதுரா மாவட்ட ஆட்சியரின் கண்ணாடியையே எடுத்துவிட்டன. கலெக்டர் கண்ணாடிக்கே அந்தக் கதி என்றபோது மாமாவுக்கு ஏக ஆறுதல். பாலித் தீவில் உலுவாட்டு கோயில் குரங்குகள் இன்னும் ஒரு படி மேல். எந்தப் பொருளை எடுத்தால் டூரிஸ்ட் அதிகம் பதறுவான் என்பதை வயதான குரங்குகள் கற்றுவைத்திருக்கின்றன என்று 2021-ல் ஆராய்ச்சிக் கட்டுரையே வந்திருக்கிறது. செருப்பை எடுத்தால் சின்ன பேரம், செல்போனை எடுத்தால் பெரிய பேரம்! பூக்காரம்மா படிக்காமலே சொன்னதை அவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது டெல்லி கதை. சர்க்கார் கட்டடங்களில் குரங்குத் தொல்லை தாங்காமல், ஒரு காலத்தில் கருமுக மந்தியைக் கட்டி இழுத்து வந்து காட்டிப் பயமுறுத்தினார்கள். அப்படி வைத்துக்கொள்வதே சட்டப்படி தப்பு என்று ஆனதும், அந்த மந்தி மாதிரி வேஷமும் சத்தமும் போட நாற்பது இளைஞர்களை வேலைக்கு வைத்திருப்பதாக 2014-ல் ராஜ்யசபாவில் மந்திரி பதில் கொடுத்தார். "மேனேஜர் வந்தா நீயும் அப்படித்தானே சத்தம் போடுவே?" என்றார் மாமா. ஊசி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

அவ்வளவு தூரம் எதற்கு? இங்கேயே சோளிங்கர் மலை. 1,305 படி. ஏறுகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு கம்பு. சாமிக்கு நேர்ந்துகொண்ட கம்பு இல்லை, குரங்குக்கு. 2024-ல் ரோப் கார் வந்த பிறகு பலர் அந்தரத்தில் போகிறார்கள்; குரங்குகளுக்குக் கொஞ்சம் வருமானக் குறைவுதான். இன்னொரு பக்கம் திருக்கழுக்குன்றம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அங்கே தினமும் மத்தியானம் இரண்டு கழுகுகள் வரும். வைத்த பொங்கலைச் சாப்பிடும், போகும். யார் பையையும் தொட்டதில்லை. தொண்ணூறுகளில் அவை வருவது நின்றுவிட்டது. மரியாதை தெரிந்த விருந்தாளிகள் வராமல் போய்விட்டார்கள். இவர்கள் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டார்கள்.

மத்தியானம் பிள்ளையார்பாளையம் போனோம். என்னோடு வேலை பார்க்கும் நண்பன் சொல்லி அனுப்பிய நெசவாளர் வீடு. ஓட்டு வீடு, திண்ணை தாண்டினதும் குழித்தறி. குழிக்குள் கால் வைத்து உட்கார்ந்து அவர் மிதிக்க, எதிரே கரைக்கு ஒரு பெண் நாடா போட, டக் டக் என்று நெய்கிறார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்வதுதான் கோர்வை. மூன்று நாடா. புடவையே கிழிந்தாலும் கோர்வை பிரியாது என்பது அவர்கள் பெருமை. மாமா தறி முன்னால் அப்படியே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏர் பிடித்த கைக்குத் தறி பிடித்த கையைப் பார்த்ததும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். ரொம்ப நேரம் இரண்டு பேரும் விலை பேசவேயில்லை.

மாமாவின் கைக்கட்டைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார் நெசவாளர். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உங்களுக்கு ஒரு நாள்ங்க. எங்களுக்கு தினம். கோயில் பக்கம் கூட்டம் இல்லாத நாள்ல எல்லாம் நேரா இங்கதான் வரும். ஓட்டப் பிரிச்சு உள்ள எறங்கிடும். அரிசி, பருப்புன்னு போனாக்கூடப் பரவாயில்ல. காலைல தெருவுல பாவு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வைப்போம். ஒரு பாவுல மூணு சேலை. அந்த நேரத்துல ரெண்டு குரங்கு சண்டை போட்டுக்கினு அது மேல குதிச்சா, முடிஞ்சுது கதை. அறுந்த இழைய ஒவ்வொண்ணா முறுக்கி ஒட்டணும். ரெண்டு நாளு, மூணு நாளு கூலி கெடையாது. அதனாலதான் எங்க வீட்டம்மா விடியக்காலையில கம்போட தெருவுல நிக்குது."

"பாரஸ்ட்காரங்களைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்றதுதானே?" என்றேன்.

"கூண்டு வச்சாங்க ஒரு வாட்டி. பழம் வச்சதும் பாதிக் கூட்டம் மாட்டிக்கிச்சு. வண்டியில ஏத்தி மலைக்குக் கொண்டு போயிட்டாங்க. ஒரு குட்டி மட்டும் மாட்டல. எங்க ஓட்டு மேலயே மூணு ராத்திரி கத்திக்கினு கெடந்துச்சு. வீட்டம்மா சோறு வச்சா, எறங்கவே இல்ல." கொஞ்ச நேரம் நாடாவை மட்டும் ஓட்டினார். "அப்புறம் வேற கூட்டம் வந்துச்சு. எடம் காலியா இருந்தா வராதா? அதுங்களத் திட்டி என்ன பண்றது... முன்ன ரோட்டோரம் பூரா ஆலமரம், புளியமரம் இருந்துச்சு. அதுலயே கெடக்கும். ரோடு அகலமாச்சு, மரம் போச்சு. கோயிலுக்கு வந்துடுச்சு."

அவர் சொன்னது அப்படியே சரி. மைசூர் பக்கத்து நெடுஞ்சாலைகளில் மேவா சிங் என்ற பேராசிரியர் பல வருஷம் குரங்குகளை எண்ணிப் பார்த்து இதையேதான் எழுதியிருக்கிறார். சாலையோர ஆலமும் அரசும் போகப் போக, நாட்டுக் குரங்குக் கூட்டங்களும் அங்கே குறைந்துகொண்டே போயின. நம் கண்ணுக்குக் கோயிலில் ஏகப்பட்டது இருப்பதாகத் தெரிகிறது. மொத்தக் கணக்கில் அவை குறைகிற இனம். உலகப் பட்டியலில் ஆபத்தில் இருக்கும் ஜீவன்களோடு சேர்த்துவிட்டார்கள். மாமாவின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இதை ஒப்புக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

"நீங்க டூரிஸ்ட்டுங்கள யாரும் தீனி போடாதீங்கன்னு கண்டிச்சுச் சொல்லலாமே?" இதைக் கேட்டது நானில்லை. மாமா!

"எப்படிங்க சொல்றது? பொடவ வாங்கறவங்களும் அவங்கதானே" என்றார் நெசவாளர்.

நான் என் ஜோல்னாப் பையின் வாயை இழுத்து மூடினேன். பிஸ்கெட் தூள் எங்கேயாவது ஒட்டியிருக்குமோ என்று பயம்.

புடவையை அவர் உறுப்பினராக இருக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் கூடவே வந்து எடுத்துக் கொடுத்தார். அரக்கு உடல், மயில்கழுத்துப் பச்சைக் கரை. ஜரிகையை நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால் அசல். வெள்ளியும் தங்கமும் அதன் மேல் சுற்றியது. பட்டுக்கான முத்திரைச் சீட்டையும் காட்டினார். விலை 23,400. மாமா துண்டை அவிழ்த்து எண்ணினார். நாற்பத்திரண்டு தாள். 21,000. பல் பட்ட மூன்றையும் பில் போடுகிறவர் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

மாமா மறுபடி எண்ணினார். எண்ணுகிறபோது கை நடுங்கியது. ஒரு போகக் கரும்புப் பணம் அது. "கொஞ்சம் கம்மியா... வேற பாக்கலாமா மாப்ளே?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார்.

போனை எடுத்தேன். அட்டையில் இருந்த கட்டத்தைக் காட்டினேன். 'டிங்' என்றது. பாக்கி 2,400 கட்டியாகிவிட்டது. மாமா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல இருக்கறத கொரங்கு எடுக்க முடியாதில்ல?"

"முடியாது மாமா." (மனுஷங்க எடுப்பாங்க என்பதைச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாடம் போதும்.)

"திருப்பிக் குடுத்துடறேன்டா."

"வேணாம் மாமா. தம்பி செய்யற முறைன்னு வச்சுக்கங்க."

"நல்ல மனசுடா உனக்கு" என்று தோளில் தட்டினார். இரண்டாவது பிறாண்டல்.

பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். மாமா ஆட்டோக்காரரிடம், "குரங்கணில்முட்டம் போகணும்" என்றார். யாரோ ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பாலாறு தாண்டி, தூசிப் பக்கம். காஞ்சியிலிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும். ஆனால் திருவண்ணாமலை மாவட்டம். ஊர்ப் பேரைப் பிரித்துப் பாருங்கள்: குரங்கு, அணில், முட்டம். முட்டம் என்றால் காக்கை. வாலி குரங்காகவும், இந்திரன் அணிலாகவும், எமன் காக்கையாகவும் வந்து சிவனைக் கும்பிட்ட இடம். சாமி பேர் வாலீசுவரர். சம்பந்தர் பாடிய தலம். பக்கத்திலேயே மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரை. எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. இல்லை, காக்கை மட்டும் ஒன்று இருந்தது.

இந்தப் பல்லவர்களுக்கே குரங்கு என்றால் தனிப் பிரியம். மாமல்லபுரம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். குட்டிக்குப் பால் கொடுக்கும் மந்திக்குப் பின்னால் உட்கார்ந்து கடுவன் பேன் பார்க்கிற சிற்பம். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு சிற்பி குரங்குகளை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். கையில் பிஸ்கெட் இல்லாமல்!

மாமா சந்நிதியில் ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்ததும், "என்ன மாமா வேண்டிக்கிட்டீங்க?" என்றேன்.

"வேண்டிக்கல. பிராது கொடுத்தேன். ஒங்க ஆளுங்க கணக்குல 3,000 ரூவா நிக்குதுன்னு வாலிகிட்ட சொல்லிட்டேன்."

அடுத்த வாரம் பேங்கில் பல் பட்ட தாள்களை மாற்றினேன். ஐம்பது ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தாளில், ஒரே துண்டாக நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் இருந்தால் முழுத் தொகை. நாற்பதிலிருந்து எண்பது வரை இருந்தால் பாதி. இரண்டு தேறியது, ஒன்று பாதி. 1,250 ரூபாய். மாமாவிடம் கொடுத்தபோது, "பாத்தியா, வாலி பாக்கியத் தீர்க்க ஆரம்பிச்சுட்டான்" என்றார். இன்னும் 1,750 வர வேண்டியிருக்கிறது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அரக்கில் அக்கா ஜொலித்தாள். மாமா இருபத்தெட்டாம் நாள் ஊசியையும் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டுவிட்டார். அத்தையிடம் மட்டும் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. மணிக்கட்டில் கருவேல முள் கிழித்தது, ஊசி சர்க்கரைக்கு, பணம் பஸ்ஸில் போனது என்று மூன்று பொய். நானும் சாட்சி சொல்லியிருக்கிறேன். பிஸ்கெட் விவரத்தை மாமாவிடம் நான் சொல்லவில்லை. அந்த ஸ்டேட்டஸை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

மாமா பத்திரிகை படிக்கிற பழக்கம் இல்லாதவர் என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். எழுதி முடித்து அனுப்பின பிறகுதான் ஞாபகம் வந்தது. அத்தை வாராவாரம் இந்தப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை, மாமாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டுத்தான் படிப்பார்!